வலது மணிக்கட்டு வழக்கு

விபத்து இழப்பீட்டு வழக்கில் வயது, வருமானம், ஊனத்தின் சதவீதம் ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மிச்சம் வெறும் பெருக்கல்தான் என்பார்கள். புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஒரு குத்துச்சண்டை வீரனின் வழக்கில் மூன்றுமே முதல் நாளிலேயே கிடைத்துவிட்டன. ஆனால் அவற்றைப் பெருக்கி வந்த தொகையில் அவனுடைய உண்மையான நட்டம் இல்லை.

வயது 23. இரவு ஷிஃப்ட் முடிந்து வழுதாவூர் சாலையில் பைக்கில் போனவனைப் பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துத் தள்ளியது. வலது மணிக்கட்டு நொறுங்கியது. தகடு வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு மடங்கவில்லை. மருத்துவக் குழு நிரந்தர ஊனம் 18 சதவீதம் என்று சான்று கொடுத்தது. மாதச் சம்பளம் 12,000 ரூபாய்.

காப்பீட்டு நிறுவனம் போட்ட கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, 25 வயது வரை பெருக்கும் எண் 18. பிரணய் சேத்தி வழக்கில் 2017-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னபடி, நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிர்கால வாய்ப்புக்கென்று 40 சதவீதம் கூட்ட வேண்டும். ஆண்டு வருமானம் 1,44,000; நாற்பது சதவீதம் கூட்டினால் 2,01,600; பதினெட்டால் பெருக்கினால் 36,28,800. அதில் 18 சதவீதம் 6,53,184 ரூபாய். சமரசத்துக்கு வரச் சொன்னார்கள்.

அவனுடைய அம்மா அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "ஐயா, அவன் இனிமே கிளவுஸ் மாட்ட முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அதுக்கு இதுல எங்கய்யா கணக்கு இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மா கேட்டதுதான் வழக்கின் மையக் கேள்வி.

எங்களுக்குப் பிடிமானமாக இருந்தது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. உடலின் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று அது பிரித்துக் காட்டியது. இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பு ஏறத்தாழ முழுதாகவே போகும். அதே கை போன அரசு எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம். சான்றிதழில் உள்ள சதவீதத்தை அப்படியே எடுத்துக் கணக்கில் போடக் கூடாது, மனுதாரர் என்ன தொழில் செய்தார், அந்த உறுப்பு அதற்கு எவ்வளவு தேவை என்று தீர்ப்பாயம் ஆராய வேண்டும். அப்படியானால் குத்துச்சண்டை வீரனுக்கு வலது மணிக்கட்டு என்ன? அதை நான் சொன்னால் வாதம். பயிற்சியாளர் சொன்னால்தான் சாட்சியம்.

கூண்டில் ஏறிய மாஸ்டர் பேச்சு அதிகம் இல்லாதவர். பையன் வழக்கமான நிலையில் நிற்பவன் என்றார்: இடது கை முன்னால், வலது கை தாடைக்குப் பக்கத்தில். இடது கையால் தொட்டுத் தொட்டு எதிராளியைத் தூரத்தில் நிறுத்துவது, இடைவெளி கிடைத்ததும் வலதை இறக்குவது. மணிக்கட்டு நேராக நின்று அடியின் பாரத்தைத் தாங்காவிட்டால் உடைவது அடித்தவன் கை. குறுக்கு விசாரணையில், "இடது கை நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார்கள். மாஸ்டர் பதறாமல் பதில் சொன்னார்: "வலது வராதுன்னு எதிராளிக்கு ஒரு ரவுண்டுல தெரிஞ்சிடும் சார். அப்புறம் இடதுக்கு எவன் பயப்படுவான்? உள்ளே நடந்து வந்துடுவான். அதுக்கு முன்னாடி, இந்தக் கையைப் பார்த்துட்டு ரிங் டாக்டரே ஏற விடமாட்டாரு." தீர்ப்பில் நீதிபதி இந்தப் பதிலை முழுவதுமாக எடுத்து எழுதினார்.

அடுத்து எதிர்காலம். இங்கேதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். இந்தியாவில் மனுதாரரின் உடல்வாகுக்கு எட்ட முடிந்த உச்சம் விஜேந்தர் சிங். அவர் கதையையே பாருங்கள் என்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம். 2015-இல் தொழில்முறைக்கு மாறி மான்செஸ்டரில் முதல் வெற்றி. 2016 ஜூலையில் டெல்லி தியாகராஜ் அரங்கில் ஆஸ்திரேலியாவின் கெர்ரி ஹோப்பைப் புள்ளிகளில் வென்று, உலகக் குத்துச்சண்டை அமைப்பின் ஆசிய பசிபிக் சூப்பர் மிடில்வெயிட் பட்டம். தொடர்ந்து 12 வெற்றி. பிறகு 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சானிடம் ஐந்தாவது ரவுண்டில் தோல்வி. அப்போது அவருக்கு வயது 35. "அவருக்கே இவ்வளவுதான் ஆயுள் என்றால், இந்த மனுதாரருக்குப் பதினெட்டு ஆண்டு எப்படி?" என்பது கேள்வி.

வலுவான கேள்விதான். குத்துச்சண்டை வீரனின் வாழ்க்கையை எடைபோடுகிறவர்கள் வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதில் எனக்கும் அவரோடு உடன்பாடே. யாரை வென்றார், எந்த வயதில் வென்றார், எத்தனை ரவுண்டு தாங்கினார், உடல் எந்த எடையில் இயல்பாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 75 கிலோ அமெச்சூர் வீரனுக்குத் தொழில்முறையில் நேரான இடமே கிடையாது. மிடில்வெயிட் என்றால் 72.57 கிலோவுக்கு இறங்க வேண்டும். சூப்பர் மிடில்வெயிட் என்றால் 76.2 கிலோ வரை போகலாம், ஆனால் அங்கே மேலிருந்து எடை குறைத்து வரும் பெரிய உடம்புக்காரர்களோடு மோத வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கிலோ ஆண்களுக்கு 75 கிலோ பிரிவே இல்லை. 71, அடுத்தது 80. எங்கள் பையன் தேசியப் போட்டியில் புதுச்சேரிக்காக இறங்கியவன், பதக்கம் இல்லாதவன். அவன் விஜேந்தர் ஆகியிருப்பான் என்று நான் ஒரு வரிகூட வாதிடவில்லை. நிரூபிக்க முடியாத கனவை மனுவில் எழுதினால், நிரூபிக்க முடிந்த நட்டத்தையும் அது கெடுத்துவிடும்.

விஜேந்தரின் கதையில் எதிர்த்தரப்பு சொல்லாமல் விட்ட ஒரு வரியை நான் எடுத்துக்கொண்டேன். அவர் ஹரியானா காவல்துறையில் டிஎஸ்பியாக இருந்தவர். அந்த உத்தியோகத்தைக் கொடுத்தது குத்துச்சண்டை. இந்த நாட்டில் பெரும்பாலான வீரர்களுக்கு ரிங்கில் வருமானம் இல்லை. ரிங் திறந்துவிடும் கதவில்தான் வருமானம். தேசியப் போட்டியில் மாநில அணிக்காக ஆடியவருக்கு மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு, அந்தப் பட்டியலில் குத்துச்சண்டையும் இருக்கிறது. ரயில்வேயும் வீரர்களைத் தேடி எடுக்கிறது. அந்த வேலை 35 வயதில் முடிவதில்லை, ஓய்வு வயது வரை போகிறது. காலையில் பயிற்சி, இரவில் ஷிஃப்ட் என்று அவன் உடம்பை வருத்திக்கொண்டது உலகப் பட்டத்துக்காக அல்ல, அந்த வேலைக்காக. ஒதுக்கீட்டில் தேர்வுக்குப் போகிறவன் தன் ஆட்டத்தைக் களத்தில் காட்டியாக வேண்டும். மடங்காத மணிக்கட்டோடு எதைக் காட்டுவான்?

கடைசியாக ஒரு வாதம் வந்தது, அது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. குத்துச்சண்டையே ஆபத்தான விளையாட்டு, விபத்து நடக்காவிட்டாலும் என்றைக்காவது அடிபட்டுத்தான் போயிருப்பான் என்றார்கள். அதற்கு மைக்கேல் வாட்சன் வழக்கைச் சொன்னேன். 1991 செப்டம்பர் 21-இல் லண்டனில் கிறிஸ் யூபாங்க்குடன் சூப்பர் மிடில்வெயிட் உலகப் பட்டத்துக்கு மோதியவர் வாட்சன். பதினோராவது ரவுண்டில் யூபாங்கைத் தரையில் விழவைத்தார். அதே ரவுண்டின் முடிவில் தானும் விழுந்தார். பன்னிரண்டாவதில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மூளையில் இரத்தக் கசிவு. ரிங் அருகே உடனடி உயிர்காப்புச் சிகிச்சைக்கு ஏற்பாடு இல்லை; முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவும் இல்லை. நாற்பது நாள் கோமா. பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மீது அவர் வழக்குத் தொடுத்து 1999-இல் வென்றார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எதிராளியின் குத்துக்குச் சம்மதித்து ஏறியவன் என்பதற்காக, அவனைப் பாதுகாக்க வேண்டியவர்களின் கடமை குறைந்துவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ரிங்குக்குள் வாங்கும் குத்துக்கே அந்த நியாயம் என்றால், சாலையில் பின்னாலிருந்து இடித்த வேனுக்கு எதற்குச் சலுகை? அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, துணைக்காகத்தான் வைத்தேன். எதிர்த்தரப்பு அந்த வாதத்தை அதற்குப் பிறகு எழுப்பவில்லை.

கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது, சம்பாதிக்கும் திறனின் இழப்பு 18 சதவீதம் அல்ல, 45 என்று தீர்ப்பாயம் முடிவு செய்திருந்தது. நான் கேட்டது இன்னும் அதிகம். ஆனால் அவன் கைக்கு வந்துகொண்டிருந்த பணம் தொழிற்பேட்டைச் சம்பளம்தான், குத்துச்சண்டையிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை; வேறு வேலை பார்க்க இன்னும் அவனால் முடியும். அந்த நிலையில் 45 என்பது நியாயமான எண் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த வகையில் 16,32,960 ரூபாய். மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் தனி. விளையாட்டை இழந்ததற்கென்றும் ஒரு தொகையைத் தனித் தலைப்பில் சேர்த்திருந்தார் நீதிபதி. அம்மா கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. காப்பீட்டு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகாமல் வட்டியோடு பணத்தைக் கட்டியது.

இந்த வழக்கு நின்றது மாஸ்டரின் சாட்சியத்தாலும், பையனின் அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த போட்டிச் சான்றிதழ்களாலும், வீரர் பதிவுப் புத்தகத்தாலும்தான். விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கலந்துகொண்ட ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும், எடை பார்த்த சீட்டையும், அணித் தேர்வுக் கடிதத்தையும் கோப்பு போட்டு வையுங்கள். விபத்து நடந்துவிட்டால் காத்திருக்காதீர்கள்; 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.