பந்து விழுந்த இடம்

கோல்ஃப் என்றதும், "பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரி! போன வருஷம் வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பத்திரிகை வேலையாக ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் போயிருந்தேன். அங்கே பயிற்சி தருகிறவர் சும்மா இராமல் என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துவிட்டார். பலங்கொண்ட மட்டும் வீசினேன். புல் பறந்தது, மண் பறந்தது, பந்து மட்டும் இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருந்தது!

"மட்டையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீர்கள். பந்து எங்கே போகிறதென்று பார்க்கிற ஆசையில் தலையைத் தூக்காதீர்கள். அடித்து முடிகிற வரையில் கண் பந்தின் மேலேயே இருக்கட்டும்" என்றார்.

அப்படியே செய்தேன். பந்து கிளம்பியது, நேரே ஒரு புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குனிந்து அதை எடுத்து நல்ல புல்லில் வைக்கப் போனேன்.

"கையால் தொடாதீர்கள், மேடம்! விழுந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். மாற்றி வைத்தால் தண்டம் உண்டு."

"இது என்ன கொடுமையான சட்டம்!" என்று அலுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, பேப் ஸஹாரியஸ் என்ற அம்மாளைப் பற்றிப் படித்துப் பார்க்கச் சொன்னார். படித்தேன்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில், நார்வேயிலிருந்து குடியேறிய ஓர் எளிய குடும்பத்தில் 1911-ல் பிறந்தவர் அவர். 1932-ல் லாஸ் ஏஞ்ஜலிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் ஈட்டி எறிவதிலும், தடை தாண்டி ஓடுவதிலும் தங்கப் பதக்கம் பெற்றார். அதன் பிறகுதான் கோல்ஃபில் முழு மூச்சாக இறங்கினார். உள்ளங்கை கொப்புளிக்கிற வரையில், நாளைக்கு ஆயிரம் பந்துகள்கூட அடிப்பாராம். 1948-லும் 1950-லும் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் பட்டம் அவருக்கே.

1953 ஏப்ரலில் குடலில் புற்றுநோய் என்றார்கள். ரண சிகிச்சை செய்து, மலம் வெளியேற வயிற்றில் வேறு வழி அமைத்துவிட்டார்கள். நோயின் பெயரைச் சொல்லவே ஜனங்கள் கூசிய காலம் அது. அந்த அம்மாள் மறைக்கவில்லை. மூன்றரை மாதத்தில் பந்தயத்துக்கு வந்துவிட்டார். ஆனால் ஆட்டம் சரிவரவில்லை. மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதார். "விலகிவிடு, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்" என்று உடனிருந்தவர்கள் தேற்றினார்கள். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் தமக்கில்லை என்று சொல்லி, எழுந்து ஆடி முடித்தாராம். மறு வருஷம், 1954-ல், அதே ஓப்பன் பட்டத்தை 12 அடி வித்தியாசத்தில் வென்றார்!

பிறகு நோய் திரும்பியது. 1956-ல், 45-வது வயதில் காலமானார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? என் அக்காவுக்கும் இதே சிகிச்சை நடந்தது. வயிற்றில் கட்டிய பையை யாராவது கண்டுகொண்டால் என்ன செய்வது என்று எட்டு மாதமாக அவள் வாசற்படி தாண்டவில்லை. "உடம்பு முன்போல் ஆகட்டும், வருகிறேன்" என்பாள். முன்போல் ஆகாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு நாள் மாலை இந்தக் கதையைச் சொன்னேன். பதக்கங்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அழுதாளா அவள்?" என்றாள்.

"அழுதாள், அக்கா. அழுதுவிட்டுத்தான் ஆடினாள்."

அக்கா பேசாமல் இருந்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். கால்மணி நேரந்தான் இருந்தாள். இருந்தால் என்ன? புதருக்குள்ளிருந்து அடித்த முதல் அடி அல்லவா!

"என் பெயரைப் போடாமல் எழுது" என்று அவள் அனுமதி கொடுத்த பிறகே இதை எழுதுகிறேன்.

என் கோல்ஃப் எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இன்னும் புல்தான் பறக்கிறது. ஆனால் பந்தைக் கையால் எடுப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.