அந்த மூணு குட்டி எங்கே போச்சு?

போன செமஸ்டர் லீவுல பதினைந்து நாள் இன்பிளான்ட் ட்ரெய்னிங். ஒரு சின்ன மெஷின் ஷாப். முதல் நாளே சூப்பர்வைசர் கையில கொடுத்தது ஸ்பேனர் இல்ல பாஸ்... ஒரு லெட்ஜர்! காலையில உள்ளே வந்த இரும்புக் கம்பி எத்தனை கிலோ, சாயங்காலம் வெளியே போன சாமான் எத்தனை கிலோ, ரிஜெக்ட் எவ்வளவு, லேத்துல சீவி விழுந்த சுருள் எவ்வளவு... எல்லாத்தையும் எழுதணும். கூட்டிப் பார்த்தா காலைக் கணக்கும் மாலைக் கணக்கும் டேலி ஆகணும்.

ஒரு நாள் நாலு கிலோ இடிச்சது. 'வேஸ்டேஜ்ல போயிருக்கும் சார்'னு சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். 'வேஸ்டேஜ்னாலும் அது எங்கேயாவது கிடக்கணும்ல தம்பி... போய் எடை போட்டு எழுதுங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டார்.

அடுத்து அதே 'வேஸ்டேஜ்' என்ற வார்த்தையை நான் பார்த்தது, நாய் ரேஸ் பற்றிய ஓர் அரசாங்க அறிக்கையில்!

நாட்டு நாய்கள் பற்றி நாலு பாரா எழுதச் சொல்லியிருந்தாங்க. எங்க ஊர் சாத்தூர் பக்கம். பெரியப்பா வீட்ல தலைமுறை தலைமுறையா சிப்பிப்பாறை வளர்க்கிறாங்க. 'நமக்குத் தெரியாத மேட்டரா'ன்னு கெத்தா உட்கார்ந்து தேட ஆரம்பிச்சா, சிப்பிப்பாறை மாதிரியே ஒட்டின வயிறும் நீளக் காலுமா இருக்கிற கிரேஹவுண்ட் வந்து நின்னுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே போனதுல போய்ச் சேர்ந்த இடம் ஆஸ்திரேலியா.

ஓடாத நாய்க்கு என்ன பேர்?

கிரேஹவுண்ட் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல ஓடும். வட்ட மைதானத்துல முன்னால ஒரு பொம்மையை மெஷின் இழுத்துட்டுப் போகும். பின்னாடியே நாய்கள் பாயும். சுற்றி இருக்கறவங்க பணம் கட்டுவாங்க. ஆஸ்திரேலியாவில் இது பெரிய தொழில். அதிலும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ரொம்பவே பெரிசு.

2015 பிப்ரவரி 16-ம் தேதி அங்கே ஏபிசி தொலைக்காட்சியின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சி ரகசிய கேமராவில் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. பொம்மைக்குப் பதிலா உயிருள்ள பன்றிக்குட்டி, முயல், பாசம் என்கிற மரவாழ் பிராணி... இதையெல்லாம் கட்டிவிட்டு நாய்களுக்குப் பயிற்சி கொடுத்துட்டு இருந்தாங்க. அப்பவே அது சட்டப்படி குற்றம்தான். ஆனா, பிடிச்சது கண்காணிக்க வேண்டிய அமைப்பு இல்ல. விலங்கு நல ஆர்வலர்களும் டி.வி-காரர்களும்!

நாடே கொதிச்சது. மாநில அரசு ஒரு விசாரணை ஆணையம் போட்டது. தலைவர், உயர் நீதிமன்றத்தில் நீதிபதியா இருந்து ஓய்வு பெற்ற மைக்கேல் மெக்ஹ்யூ. (அந்த நாட்டில் 'உயர் நீதிமன்றம்'தான் நம்ம சுப்ரீம் கோர்ட் மாதிரி.) 2016-ல் அறிக்கை வந்தது.

அதில் ஒரு கணக்கு. 12 வருஷத்தில் அந்த ஒரு மாநிலத்தில் பிறந்த கிரேஹவுண்ட் குட்டிகள் 97,783. அதில் குறைந்தது பாதி, அதிகபட்சம் எழுபது சதவிகிதம் 'வேகம் பத்தாது, ரேஸுக்கு லாயக்கில்லை' என்பதற்காகக் கொல்லப்பட்டிருக்கும் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. அதாவது 48,891-லிருந்து 68,448 வரை. இப்படிக் கழித்துக்கட்டின நாய்களுக்குத்தான் அந்தத் தொழிலில் பேர்... 'வேஸ்டேஜ்'.

எனக்கு அடிவயிறு கலங்கினது அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பார்த்துத்தான். கிட்டத்தட்ட இருபதாயிரம்! நாலு கிலோ இரும்பு இடிச்சதுக்கு என்னைக் குப்பைக் கூடை வரைக்கும் துரத்தினார் சூப்பர்வைசர். இங்கே இருபதாயிரம் உயிர் இருந்ததா, இல்லையான்னு அடிச்சுச் சொல்ல ஒரு லெட்ஜர் இல்ல.

நம்ம பேப்பரை நாமே திருத்தினா?

ஏன் இல்ல? பதில் ரொம்ப சிம்பிள். 2009-ல் வந்த ஒரு சட்டம், ரேஸ் நடத்தி வருமானம் பெருக்க வேண்டிய 'கிரேஹவுண்ட் ரேசிங் நியூ சவுத் வேல்ஸ்' அமைப்பிடமே கண்காணிக்கிற வேலையையும் கொடுத்துடுச்சு. செமஸ்டர் பேப்பரை எழுதினவனே திருத்தி மார்க் போட்டுக்கறான்னு வைங்க. யாருக்காவது அரியர் விழுமா? டிராக்கில் நாய்களுக்கு ஏற்பட்ட காயங்களை அந்த அமைப்பு வெளியே குறைச்சுக் காட்டியதையும் ஆணையம் அம்பலப்படுத்தியது.

இந்தக் காயம் பற்றிய பகுதியை மெக்கானிக்கல் பசங்க அவசியம் படிக்கணும். வளைவில் ஒரே நேரத்துல எட்டு நாய்கள் உள்பக்கம் நெருக்கும். இடது பக்கமாவே திரும்பித் திரும்பி ஓடுறதால, வெளிப்பக்கமா இருக்கிற வலது பின்னங்கால் மூட்டுல பாரம் ஏறி எலும்பு உடையும். சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழக இன்ஜினீயர்கள் ஆராய்ந்து, 'வளைவே இல்லாத நேர் டிராக் போடுங்க, எட்டுக்குப் பதில் ஆறு நாய் விடுங்க, பொம்மையை இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளி ஓடவிடுங்க'ன்னு சொன்னாங்க. ஆனா, காயக் கணக்கு உண்மையா இருந்தாத்தானே எந்த வளைவுல தப்புன்னு கண்டுபிடிக்க முடியும்? பொய் டேட்டாவை வெச்சுக்கிட்டு எந்த இன்ஜினீயரும் ஒண்ணும் கிழிக்க முடியாது!

மூணு மாசத்துல யூ-டர்ன்

அறிக்கையைப் பார்த்த மாநில முதல்வர் மைக் பேர்ட், 2016 ஜூலை 7-ல், 'அடுத்த வருஷம் ஜூலையிலிருந்து நாய் ரேஸுக்குத் தடை'ன்னு அறிவிச்சார். சட்டமும் நிறைவேறுச்சு. ஆனா, சின்னச் சின்ன ஊர்கள்ல இதையே நம்பி இருக்கிற குடும்பங்கள், 'யாரோ சிலர் செய்த தப்புக்கு எங்க எல்லாருக்கும் தண்டனையா?'ன்னு கேட்டாங்க. அது நியாயமான கேள்விதான். எதிர்ப்பு பலமாச்சு. அக்டோபர் 11-ம் தேதி, 'நான் தப்பு பண்ணிட்டேன்'னு சொல்லித் தடையை வாபஸ் வாங்கிட்டார் முதல்வர்.

அதுக்குப் பதிலா வந்ததுதான் புதுச் சட்டமும், 2018 ஜூலையிலிருந்து இயங்கும் தனிக் கண்காணிப்பு ஆணையமும். ரேஸ் நடத்துறது ஒருத்தர், கண்காணிக்கிறது வேறொருத்தர். நாய்க்கு மைக்ரோசிப், குட்டி பிறந்ததுல இருந்து பதிவு, கொட்டடிகளில் சோதனை, காயக் கணக்கு அறிக்கை... எல்லாம் அவங்க பொறுப்பு.

'அப்புறம் எல்லாம் சுபம்'னு முடிக்க ஆசைதான். ஆனா, 2024-ல் ரேஸ் நடத்துற அமைப்பின் தலைமைக் கால்நடை மருத்துவரே வேலையை விட்டுப் போகும்போது அந்தத் தொழிலைப் பற்றி அடுக்கடுக்கா குற்றம்சாட்டி எழுதி வெச்சுட்டுப் போனார். தலைமை நிர்வாகி ராஜினாமா செய்தார். மறுபடி ஒரு விசாரணை! பக்கத்துல இருக்கிற நியூசிலாந்து அரசாங்கம், 'இதைச் சரிபண்ணச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாச்சு, போதும்'கிற முடிவுக்கு வந்து, 2026 ஜூலை இறுதியோடு ரேஸை மூடுறதா 2024 டிசம்பரில் அறிவிச்சது.

தடையா, கண்காணிப்பா? எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான். தடை போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, லெட்ஜர் லாபம் பார்க்கிறவன் கையில இருக்கக் கூடாது.

இப்ப நம்ம வீட்டுக் கணக்கு

இதையெல்லாம் படிச்சுட்டு, 'என்னா மனுஷங்கடா!'ன்னு ஹாஸ்டல்ல சவுண்டு விட்டுட்டு இருந்தேன். அப்போதான் சுருக்குனு ஒண்ணு ஞாபகம் வந்தது.

நான் ஏழாவது படிக்கும்போது பெரியப்பா வீட்டு செவலை ஆறு குட்டி போட்டுச்சு. பொங்கல் லீவுல ஆறையும் மடியில போட்டு விளையாடினேன். முழுப் பரீட்சை லீவுக்குப் போனப்ப மூணுதான் இருந்தது. கேட்டேன். 'கேட்டவங்களுக்குக் குடுத்தாச்சுய்யா'ன்னு சொன்னாங்க. நானும் பம்பரம் விடப் போயிட்டேன். அதோட மறந்தும் போயிட்டேன்.

ராத்திரியே பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.

"பெரியப்பா... அந்த மூணு குட்டியை யாருக்குக் குடுத்தீங்க?"

"எந்தக் குட்டிய்யா?"

"செவலை போட்டது. ஆறுல மூணு."

ரொம்ப நேரம் பேச்சே இல்ல. டி.வி. சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுக்குக் காது கேக்காது. ஒண்ணுக்குக் கால் வளைசல். இன்னொண்ணு சவலை. யாருய்யா வாங்குவா? கண்மாய்க் கரையில விட்டுட்டு வந்தேன். அப்பல்லாம் அப்படித்தான். எங்கய்யாவும் அப்படித்தான் செஞ்சார்."

கோபப்படணும்னு நினைச்சேன். முடியல. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்த மனுஷன். செவலை செத்தப்ப ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தவர். கெட்டவங்கதான் தப்பு பண்ணுவாங்கன்னு இருந்தா கண்காணிப்பே தேவைப்படாதே! யாரும் எண்ணிப் பார்க்காத இடத்துல நல்லவங்க கையிலேயும் 'வேஸ்டேஜ்' விழும். அதைப் பார்த்துட்டுப் பம்பரம் விடப் போறவங்களும் இருப்பாங்க, என்னை மாதிரி.

நம்ம நாட்டிலும் 2017-லேயே நாய் வளர்த்து விற்பவர்களுக்கு விதிமுறைகள் வந்தாச்சு. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யணும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பிறப்பு-இறப்பு எல்லாத்துக்கும் ரெக்கார்டு வெச்சிருக்கணும். பெரியப்பாகிட்ட சொன்னேன். அப்படி ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியல. நியாயமா சொல்லணும்னா, போன வாரம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். செவலையோட பேத்தி குட்டி போட்டு ஒன்பது நாள் ஆச்சு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிட்டுப் போய்ப் பெரியப்பா முன்னாடி வெச்சேன். 'இது எதுக்குய்யா?'ன்னு ஒரு மாதிரி பார்த்தார். அந்த லெட்ஜர் கதையைச் சொன்னேன். சிரிக்கல. எழுந்து போய்ச் சாக்கை விலக்கி, ஒவ்வொண்ணா தொட்டு எண்ணினார்.

"அஞ்சு. ஒண்ணு மட்டும் கொஞ்சம் நோஞ்சான். அதையும் சேர்த்து எழுதிக்கய்யா."

எழுதியிருக்கேன். தீபாவளிக்குப் போய் டேலி பண்ணணும்.