மல்லாட்டை மண்ணில் ஆர்கிட்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியெங்கும் மல்லாட்டை, கரும்பு, சவுக்கு. 'இந்த வெயிலில் ஆர்கிட் வருமா?' என்று விவசாயிகள் கேட்பதுண்டு. தேசிய ஆர்கிட் பூங்கா ஏற்காட்டில் இருப்பதால், இது மலைச்செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால், டென்ட்ரோபியம் வகை சமவெளியிலும் வளரும். மரநிழலோ, 50 சதவிகித நிழல்வலையோ வேண்டும்.

பூத்து ஓய்ந்த முதிர்ந்த தண்டை வீசிவிடாதீர்கள். கோடை தணிந்ததும், 2-3 கணுக்கள் உள்ள துண்டுகளாகச் சுத்தமான கத்தியால் நறுக்குங்கள். வெட்டுவாய் உலர்ந்த பிறகு, உப்புப் போகக் கழுவிய ஈரத் தென்னைநாரின் மேல் படுக்க வையுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், தெளித்தாலே போதும். சில மாதங்களில் கணுவில் குருத்து வரும். வேர் 2 அங்குலம் நீண்டதும் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு நிரப்பிய தொட்டிக்கு மாற்றுங்கள். பூக்க ஓரிரு ஆண்டுகள் ஆகும். காசு கொடுத்து வாங்கிய ஒரு செடியே பல செடிகளாகிவிடும்.