தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டும்



நாற்பத்தைந்து வயதில் ஒரு மௌலவி வள்ளம் வலிக்கப் போனார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். என் மனைவியும் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் பாடசாலை விடுமுறையில் இளைய மகள் பிடித்த பிடியை விடவில்லை. இருவர் அமரக்கூடிய கயாக் என்னும் சிறு வள்ளத்தில், உயிர்காப்பு அங்கியும் அணிந்து, முத்துராஜவெலச் சதுப்பு நிலத்துக்குள் இறங்கினோம்.

இது கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்புக் களப்பின் தென் முனையை ஒட்டி, ஏறக்குறைய 3000 ஹெக்டேயர் பரந்து கிடக்கிறது. நகரத்து இரைச்சல் இருந்த இடமே தெரியவில்லை. இரு கரையிலும் கண்டல் மரங்கள். மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னே கிளைக்குக் கிளை தாவிப் பறந்தது. கபரகொய்யா ஒன்று சாவகாசமாக நீந்திக் கடந்தது.

சற்று நேரத்தில் கை வலித்தது. துடுப்பை மடியில் வைத்தேன். வள்ளமோ நின்றபாடில்லை.

"வாப்பா, நாம வலிக்காமலே போறோமே!" என்றாள் மகள்.

வற்றுப்பெருக்குத்தான் காரணம் என்று கூட வந்த வழிகாட்டி சொன்னார். நீர்கொழும்பு முகத்துவாரத்தால் கடல் நீர் களப்புக்குள் வரும்; பிறகு திரும்பிப் போகும். ஏறி இறங்குவது முழங்காலளவுகூட இல்லை. ஆனாலும் அந்த நீர் தன் வழியை மறப்பதில்லை. மழைக் காலத்தில் தண்டுகம் ஓயா கொண்டு வரும் வெள்ளத்தையும் இச்சதுப்பு நிலம் வாங்கி வைத்து, மெல்ல மெல்லக் களப்புக்கு விடுமாம்.

முன்னொரு காலத்தில் இங்கே நெல் விளைந்தது. பிற்காலத்தில் வெட்டிய கால்வாய்களால் உப்பு நீர் புகுந்து வயல்கள் பாழாயின. அதைச் சரிசெய்ய ஆங்கிலேயர் 1802இல் ஹமில்டன் கால்வாயை வெட்டத் தொடங்கினர். வயல்களோ மீளவில்லை. இந்நிலத்தின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமானது.

இதைக் கேட்டதும் என் மனம் வெல்லம்பிட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. சகோதரிகளே, வெட்கத்தோடு எழுதுகிறேன்.

2012இல் வீட்டின் பின்னால் இருந்த சதுப்புப் பள்ளத்தை எட்டு லொறி மண் போட்டு நிரப்பி, குசினியைப் பெருப்பித்தேன். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியது. அந்தப் பெருவெள்ளத்துக்கு என் எட்டு லொறி மண் காரணமல்ல. ஆனால் கங்கை வடிந்து, ஊரெல்லாம் காய்ந்த பிறகும், பக்கத்து வீட்டு ராத்தாவின் முற்றத்தில் ஒரு வாரம் தண்ணீர் நின்றது. அது வடிந்து போகும் பள்ளத்தில் என் குசினி நின்றது. ராத்தா விதவை. பாயையும் பாத்திரங்களையும் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். ஒரு சொல் சொல்லவில்லை. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி வகுப்பில் பாடம் நடத்துபவன் நான்!

திரும்பி வந்த அன்று மாலையே ராத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் மௌலவி. நீங்களா வந்து சொல்லட்டும் எண்டு இருந்தன்" என்றார்.

அடுத்த கிழமை மதிலோரம் கான் ஒன்று வெட்டினேன். குசினியில் ஓர் அடி குறைந்தது. இப்போது மழை பெய்தால் ராத்தாவின் முற்றத்துத் தண்ணீர் அதன் வழியே வீதிக் கானுக்குப் போகிறது. இரவில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

உங்கள் வீட்டிலும் நாளை ஓர் அறை கூட்டுவீர்கள், ஒரு பள்ளம் நிரப்புவீர்கள். மண் லொறி வரும் முன் வீட்டு ஆண்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே நிற்கும் தண்ணீர் இனி யார் வீட்டுக்குப் போகும்?"