வியன்னாவின் மூன்று இசைக்கோவைகள்: சில ஒலிப்பதிவுகளை முன்வைத்து

ஒரே இசைப்படைப்பின் பல ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு என்றொரு எண்ணம் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஐரோப்பியச் செவ்வியல் இசையின் எழுத்துப்பிரதி நாடகப் பிரதியை ஒத்தது. அரங்கேறும்வரை அது பாதி உயிருடன்தான் இருக்கிறது. மீதியை நடத்துநரும் வாத்தியக் கலைஞர்களும், ஒலிப்பதிவு என்று வரும்போது ஒலிவாங்கியை எங்கே வைப்பது எனத் தீர்மானிப்பவரும் சேர்ந்து தருகின்றனர். எனவே இரண்டு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பதை இரண்டு வாசிப்புகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்பதாகவே கொள்கிறோம்.

நண்பர்கள் மூவர் சில ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் சேர்ந்து இசை கேட்டு வருகிறோம். அண்மையில் மூன்று படைப்புகளை எடுத்துக்கொண்டோம்: அர்னால்ட் ஷோன்பெர்க்கின் ஐந்து இசைக்கோவைகள் (1909), ஆண்டன் வெபர்னின் ஆறு இசைக்கோவைகள் (1909), ஆல்பன் பெர்க்கின் மூன்று இசைக்கோவைகள் (1914-15). மூன்றும் பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதப்பட்டவை. வெபர்னும் பெர்க்கும் ஷோன்பெர்க்கின் மாணவர்கள். இருவரும் தம் படைப்பை ஆசிரியருக்கே சமர்ப்பித்தனர். பிற்காலத்தில் பெயர் பெற்ற பன்னிரு ஸ்வர முறை அப்போது தோன்றியிருக்கவில்லை. பழைய ஸ்வர அடித்தளம் கைவிடப்பட்டுவிட்டது, புதிய விதிகள் இன்னும் வகுக்கப்படவில்லை. அந்த இடைவெளியில் பிறந்த இசை இது.

இவற்றின் தொடக்ககால வரவேற்பைப் பலரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகக் கடந்துவிடலாம். ஷோன்பெர்க்கின் படைப்பு 1912இல் லண்டனில் ஹென்றி வுட் நடத்த முதன்முதலாக ஒலித்தது. வெபர்னின் படைப்பு 1913 மார்ச் 31 அன்று வியன்னாவில் ஷோன்பெர்க் நடத்திய நிகழ்ச்சியில் அரங்கேறியது. அன்று கூச்சலும் கைகலப்பும் முற்றி, இறுதியில் வாசிப்பதாக இருந்த மாலரின் பாடல்களை எட்டாமலேயே நிகழ்ச்சி நின்றுபோனது. பெர்க்கின் படைப்பு முழுமையாக ஒலிக்க 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்களை ஆட்கொண்ட கேள்வி வேறு. இவற்றை 1911இல் மறைந்த மாலரின் தொடர்ச்சியாக வாசிக்க வேண்டுமா, அல்லது பின்னால் வரவிருந்த ஓர் இசையின் தொடக்கமாக வாசிக்க வேண்டுமா? 2010இல் லண்டனில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய சைமன் ராட்டில், மூன்றையும் இடையில் கைதட்டலின்றிக் கேட்குமாறும், மாலர் எழுதாமல் விட்ட பதினோராவது ஸிம்பனியாகக் கற்பனை செய்துகொள்ளுமாறும் அவையோரைக் கேட்டுக்கொண்டார். பியர் பூலேஸ் தம் வாழ்நாள் முழுவதும் நின்றது ஏறக்குறைய எதிர்த்தரப்பில். அவருடைய பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்துத் துலங்கும், ஈரம் துடைக்கப்பட்டிருக்கும்.

முதலில் ஷோன்பெர்க்கின் மூன்றாவது கோவையை எடுத்துக்கொள்வோம். ‘வண்ணங்கள்’ என்பது அதன் பெயர். தலைப்புகள் வேண்டுமெனப் பதிப்பாளர் கேட்டதால் அரைமனதோடு சூட்டப்பட்டது. ஐந்து ஸ்வரங்கள் கொண்ட ஒரே கூட்டொலி ஒரு வாத்தியத் தொகுதியிலிருந்து மற்றொன்றுக்குக் கை மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும், அடுத்த கணம் கொம்பும் ட்ரம்பெட்டும். ஸ்வரம் மாறுவதில்லை, அதன் நிறமே மாறுகிறது. பிறகு மெல்ல மெல்ல ஸ்வரங்களும் நகரத் தொடங்குகின்றன. எந்த வாத்தியம் நுழைகிறது என்பது தெரியக் கூடாது, நிறம் மாறியது மட்டுமே தெரிய வேண்டும் என்று பிரதியில் குறிப்பு எழுதியிருக்கிறார் ஷோன்பெர்க்.

இந்தக் குறிப்புக்கு எவ்வளவு கீழ்ப்படிவது? ஆண்டால் டொராட்டி 1962இல் லண்டன் ஸிம்பனி வாத்தியக் குழுவுடன் செய்த பதிவில் ஒலி மிக நெருக்கத்தில் இருக்கிறது. வாத்தியங்கள் கை மாறும் தையல்களை எண்ணிவிடலாம். ராட்டில் 1980களின் இறுதியில் பர்மிங்ஹாம் குழுவுடன் செய்த பதிவில் தையலே தெரிவதில்லை. நீர்ப்பரப்பில் வெளிச்சம் நகர்வதைப் போன்றிருக்கிறது. பிரதிக்கு அதிக விசுவாசமானது ராட்டிலின் பதிவு. ஆயினும் டொராட்டியைக் கேட்ட பின்னரே எங்களுக்கு அதன் அருமை விளங்கியது. எத்தனை கைகள் மாறி மாறித் தாங்குவதால் அந்த அசைவின்மை கூடிவருகிறது என்பதை அவர்தான் காட்டித் தந்தார்.

அடுத்தது வெபர்னின் நான்காவது கோவை. அதிக மாலைகளைச் செலவிட்டது இதில்தான். இது ஒரு சவ ஊர்வல இசை. வெபர்னின் தாய் 1906இல் இறந்தார். 1913இல் ஷோன்பெர்க்குக்கு எழுதிய கடிதத்தில் இப்படைப்பின் ஒவ்வொரு பகுதியையும் அந்த மரணத்தோடு தொடர்புபடுத்தி விளக்கினார் வெபர்ன். முதல் கோவை நேரவிருப்பதைப் பற்றிய அச்சம், இரண்டாவது அது நேர்ந்துவிட்டது என்ற உறுதி, மூன்றாவது தாயின் பாடையில் வைப்பதற்காகத் தாம் பறித்த எரிகா மலர்களின் மணம். ஒரு நிமிடம் நீடிக்கும் அந்த மணத்தைத் தொடர்ந்து வருகிறது ஊர்வலம்.

அது தாள வாத்தியங்களில் தொடங்குகிறது: பெருமுரசின் உருட்டல், தொலைவிலிருந்து வரும் காண்டாமணி, நம் சேகண்டிக்குப் பெரியண்ணன் முறையாக வேண்டிய டாம்-டாம். எல்லாமே கேட்கும் எல்லையின் விளிம்பில் இருக்கின்றன. எங்கள் அறையில் மின்விசிறியை நிறுத்தினால் மட்டுமே முதல் சில நொடிகள் பிடிபட்டன. பிறகு காற்று வாத்தியங்களில் சிதறிய சில மெட்டுத் துணுக்குகள். இறுதியில் பித்தளை வாத்தியங்கள் ஒன்றுதிரண்டு எழ, தாள வாத்தியங்கள் மட்டும் தனித்துப் பெருகிக் காது அடைக்கும் முழக்கத்தில் அறுந்துபோகின்றன.

ஹெர்பர்ட் ஃபான் கராயன் 1970களின் முற்பாதியில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் ஷோன்பெர்க், பெர்க், வெபர்ன் மூவரின் படைப்புகளையும் பெருந்தொகுதியாகப் பதிவு செய்தார். அதில் இந்த ஊர்வலம் மாசற்ற மௌனத்திலிருந்து எழுகிறது. இறுதி முழக்கம் ஒரு மலை சரிவது போல இருக்கிறது. இதைவிட அழகாக இதை வாசிக்க முடியாது என்று எங்களில் இருவர் கருதினோம்.

மூன்றாமவர் அண்மையில் தாயை இழந்தவர். அவர் கராயனை ஏற்கவில்லை. “இது நன்றாக உடுத்திக்கொண்டு வந்த துக்கம். எனக்கு அது இப்படி வரவில்லை” என்றார். அவர் மறுபடி மறுபடி கேட்டது ராபர்ட் கிராஃப்டின் பதிவை. ஸ்ட்ராவின்ஸ்கியின் உதவியாளரான கிராஃப்ட், லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கலைஞர்களைக் கொண்டு வெபர்னின் படைப்புகளைப் பதிவு செய்து, 1957இல் நான்கு இசைத்தட்டுகளாக வெளிக்கொணர்ந்தார். வாசிப்பு கரடுமுரடானது. நாடாவின் இரைச்சல் நெடுகிலும் உண்டு. முரசின் உருட்டல் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வருவதால் அது எப்போது தொடங்கியது என்றே சொல்ல முடியாது. கேட்கிறது என நாம் உணரும்போது அது ஏற்கெனவே அறைக்குள் இருக்கிறது. “செய்தி அப்படித்தான் வந்தது” என்றார் நண்பர்.

இதற்கு எங்களிடம் பதில் இல்லாமலில்லை. சாவு வீட்டு மேளக்காரர் அழுவதில்லை. அவர் தாளம் தப்பாமல் அடிப்பதால்தான் சுற்றியுள்ளவர்களால் அழ முடிகிறது. கராயனின் ஒழுங்கையும் அப்படிக் கொள்ளலாமே என்று வாதிட்டோம். நண்பர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. மூன்றாவது கோவையையும் நான்காவதையும் இடைவெளியின்றிச் சேர்த்துப் போடச் சொன்னார். இம்முறை பூலேஸின் பதிவு. மலர்மணம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்து மறைந்தது. ஊர்வலத்தில் உருக்கம் துளியும் இல்லை. ஒவ்வொரு ஒலியும் அதனதன் இடத்தில் நின்றது. முடிந்ததும் நெடுநேரம் எவரும் பேசவில்லை. ஈரம் துடைக்கப்பட்டது என்று நாங்கள் சொல்லி வந்த அந்தப் பதிவு, அழுது முடித்தவரின் முகத்தைப் போல இருந்தது.

பெர்க்கின் மூன்றாவது கோவையான ‘மார்ச்’ இதற்கு நேரெதிரான உலகம். 1914 கோடையில், ஐரோப்பா போருக்குள் சரிந்துகொண்டிருந்த வாரங்களில் உருக்கொண்டது. மாலரின் ஆறாவது ஸிம்பனியின் சம்மட்டி இங்கும் விழுகிறது. கோடுகளின் நெரிசலில் மூழ்கிவிடாமல் கேட்க டொராட்டியின் கூர்மை உதவும். 1980களில் ஜேம்ஸ் லெவைன் பெர்லின் குழுவுடன் செய்த பதிவு நெரிசலையே அனுபவமாக்குகிறது. மூன்று படைப்புகளும் ஒரே தட்டில் கிடைப்பது லெவைனின் கூடுதல் வசதி.

மாலரா, பூலேஸா என்ற எங்கள் கேள்விக்கு முடிந்த முடிவு ஏதும் கிட்டவில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. இந்த இசையை மூளைக்கான கணக்கு என்று ஒதுக்குபவர்களும், அதே காரணத்துக்காகப் போற்றுபவர்களும் அதில் ஒரு மகன் பறித்து வைத்த மலர்களைக் கேட்கத் தவறுகிறார்கள். ஒரே பதிவை மட்டும் கேட்டிருந்தால் அது எங்களுக்கும் புலப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

புதிதாகத் தொடங்க விரும்பும் வாசகர்கள் வெபர்னின் மூன்றாவது, நான்காவது கோவைகளிலிருந்து தொடங்கலாம். இரண்டும் சேர்ந்து சில நிமிடங்களே. கராயன், பூலேஸ் என்ற வரிசையில் கேட்டு, இயன்றால் கிராஃப்டைத் தேடிப் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தொடக்கம் கேட்கவில்லையே என்று ஒலியை மட்டும் கூட்டி வைக்காதீர்கள். முடிவு வரும்போது அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள்.