நிணம்

நான்கு வருடங்களாக என் ரவிக்கைகளுக்கு இரண்டு கை அளவுகள். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளின் நிணநீர் முடிச்சுகளை எடுத்தபின், நீர் வடிய வழியின்றி இடது கை வீங்கிவிட்டது.

"கனக்கிறது டாக்டர்."

அவர் நாடாவைச் சுற்றிப் பார்த்தார். "போன தடவை இருந்த அளவுதானேம்மா. உயிர் பிழைத்தீர்களே, அது போதாதா?"

டென்மார்க்கின் ஓடென்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதே வீக்கம் கொண்ட 10 பெண்களுக்கு ஒரு சிகிச்சையைச் சோதித்தார்கள். அவரவர் உடலின் கொழுப்பை உறிஞ்சியெடுத்து, அதிலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களை, வடு இறுகிய அக்குளில் கொழுப்போடு செலுத்தினார்கள். ஓராண்டு கழித்தும் கையின் பருமன் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் பாரமும் இறுக்கமும் குறைந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய சோதனை. அதை நம்பி என் கை குணமாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. என்னை நிறுத்தியது வேறு: நாடா சொன்னதோடு பெண்கள் சொன்னதையும் முடிவாக எழுதியிருந்தார்கள்.

சங்கப் பாடல்களில் நிணம் என்றால் கொழுப்பு. வகுப்பில் பலமுறை பொருள் சொல்லியிருக்கிறேன். வீட்டிலோ, எதிர்த்துப் பேசும்போதெல்லாம் "உனக்குக் கொழுப்பு" என்று கேட்டே வளர்ந்தேன். மருந்தாகுமா என்று இன்று ஆராய்வதும் அந்தக் கொழுப்பைத்தான்.

அடுத்த முறை அவர் நாடாவை எடுக்குமுன் சொல்லிவிடுவேன்: "கனக்கிறது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்."