பெற்றோர் இருந்தும் யதீம்

தனித்து விடப்படுதல் என்பதே 'யதீம்' என்னும் அரபுச் சொல்லின் அடிப்பொருள். மனிதரில் தந்தையை இழந்த குழந்தையையும் விலங்கினத்தில் தாயை இழந்த குட்டியையும் அது சுட்டும் என்பர் அகராதியார். பிள்ளை பருவமெய்தியதும் அப்பெயர் நீங்கிவிடும் என்பது சட்ட நூலார் முடிவு. இவ்விலக்கணத்துள் அடங்காத யதீம் ஒருத்தியை நாம் ஒரு நாவலில் கண்டோம். இமையம் எழுதி 2006ஆம் ஆண்டு வெளிவந்த 'செடல்' அது. ஆசிரியர் நம் திட்டக்குடி வட்டாரத்தவர். 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். ஆயினும் நம் இல்லத்து அலமாரிகளில் அவர் நூல்களைக் காண்பது அரிதே.

மழை பொய்த்த ஊரொன்று, செடல் என்னும் ஏழைச் சிறுமியைத் தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டி விடுகிறது. இனி அவள் ஊரைவிட்டு அகலலாகாது. பஞ்சம் முற்றவே, பெற்றோர் ஏனைய மக்களுடன் கண்டிக்குப் பிழைக்கச் செல்கின்றனர். இவள் மட்டும் நிற்கிறாள். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இலேயே சட்டத்தால் தடுத்தது. ஆனால் ஊர்க்கோயில் வாசலுக்குச் சட்டம் அத்துணை விரைந்து வருவதில்லை.

செடல் பெரியவளாகும்போது அருகே தாயும் இல்லை, தமக்கையும் இல்லை. எந்த வயதில் யதீம் என்னும் பெயர் நீங்குமென்று நூல்கள் கூறுகின்றனவோ, அந்த வயதில்தான் அப்பெயர் அவளுக்கு முழுதும் பொருந்துகிறது. பின்னர் தெருக்கூத்தே அவளுக்குத் தஞ்சமாகிறது.

இவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டோம். 1980களில் எம் அத்தா சவூதியில் இருந்தார்கள். கடிதத்தினும் கேசட்டில் பேசி அனுப்புவதே அவர்களுக்குப் பிரியம். எம் தங்கை பெரியவளான கிழமையில் ஒரு கேசட் வந்தது. செய்தி அறியுமுன் பேசியது அது. "குட்டி இன்னும் வெள்ளாற்று மணலில்தான் விளையாடுகிறதா?" என்று அத்தாவின் குரல் கேட்டது. அம்மா சிரித்தார்கள், மாமிமார் சிரித்தனர். திரைக்குப் பின்னே இருந்த தங்கை மட்டும் சிரிக்கவில்லை. ஆயினும் அவளைச் சூழ ஒரு வீடு நிறையப் பெண்கள் இருந்தனர். ஈராண்டில் அத்தாவும் ஊர் திரும்பினார்கள்.

இப்போது நூல் தங்கையிடம் இருக்கிறது. பாதி படித்தவள், "அண்ணே, அந்தப் பிள்ளையைத் தேடி யாராவது வருகிறார்களா?" என்று கேட்டாள். படித்து முடி என்றோம்.